பின்தொடை ஏன் வளரவில்லை: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

டெல்லியில் எடைப் பயிற்சி செய்யும் தமிழ் இளைஞர்களில் இரு வகையினரை அதிகம் காண்கிறேன். ஆர்.கே.புரம், மயூர் விஹார், ஜனக்புரி போன்ற பகுதிகளில் குடியிருந்து, அலுவலகம் முடிந்தபின் வீட்டருகிலுள்ள ஜிம்முக்குச் செல்பவர்கள் ஒரு வகை. குடிமைப் பணித் தேர்வுக்காக ஊரிலிருந்து வந்து, ராஜிந்தர் நகரின் படிப்பகங்களில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவர்கள் மற்றொரு வகை. இவர்களில் சிலர் மத்திய ஆயுதக் காவல் படைகளின் உதவி கமாண்டன்ட் தேர்வையும் எழுதுகிறார்கள். அதன் உடற்திறன் தேர்வில் ஆண்கள் 100 மீட்டரை 16 விநாடிகளிலும் பெண்கள் 18 விநாடிகளிலும் ஓடியாக வேண்டும். இரு வகையினரும் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: முன்தொடை திரண்டிருக்கிறது, பின்தொடை தட்டையாகவே இருக்கிறது.

அறிகுறிகளுக்குள் செல்வதற்கு முன் தசையின் அமைப்பைச் சற்றுத் தெரிந்துகொள்வது அவசியம். ஹாம்ஸ்ட்ரிங் என்று ஜிம்மில் நாம் சொல்வது மூன்று தசைகளின் தொகுதி. வெளிப்பக்கம் பைசெப்ஸ் ஃபெமோரிஸ், உட்பக்கம் செமிடென்டினோசஸ், செமிமெம்பிரனோசஸ். பைசெப்ஸ் ஃபெமோரிஸுக்கு நீளம், குட்டை என இரண்டு தலைகள், அதாவது தொடக்கப் பகுதிகள், உண்டு; அதன் குட்டைத் தலை தொடையெலும்பில் தொடங்கி முழங்காலை மட்டும் மடக்குகிறது. ஏனைய அனைத்தும், உட்காரும்போது இருக்கையில் அழுந்துகிற இடுப்பெலும்பின் அடிமுனையில் தொடங்கி, முழங்காலையும் கடந்து கீழ்க்காலில் முடிகின்றன. எனவே அவற்றுக்கு இடுப்பை நிமிர்த்துவது, முழங்காலை மடக்குவது என இரண்டு வேலைகள் உண்டு. இவற்றில் ஒன்றை மட்டுமே செய்விப்பதும், தசை நன்கு நீண்டிருக்கும் நிலையில் சுமையே கொடுக்காமல் இருப்பதும்தான் கீழே வரும் குறைகளில் பெரும்பாலானவற்றின் வேர். ஒரு பயிற்சியின்போது உடலின் எந்த இடம் முதலில் களைக்கிறது என்பதைக் கவனித்தாலே, எந்தப் பிழையைத் திருத்த வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ரோமேனியன் டெட்லிஃப்ட் செய்தால் கீழ்முதுகு மட்டுமே களைக்கிறது

ரோமேனியன் டெட்லிஃப்ட் என்பது, எடைக் கம்பியைக் கையில் பிடித்து நின்று, முழங்காலை அதிகம் மடக்காமல் இடுப்பில் குனிந்து நிமிரும் பயிற்சி. மிக அதிகமாகக் கேட்கப்படும் புகார் இது. காரணங்களும் ஒன்றுக்கு மேற்பட்டவை. முதலில், எடையில்லாமல் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். துடைப்பக் கட்டையோ மெல்லிய கம்போ எடுத்து, பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் படுமாறு முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிய வேண்டும். குனியும்போது கம்பு எந்த இடத்திலாவது விலகினால், நீங்கள் இடுப்பு மூட்டில் மடங்காமல் முதுகெலும்பை வளைக்கிறீர்கள் என்று பொருள். அவ்வாறு வளையும்போது இடுப்பெலும்பு முன்னோக்கிச் சாய்வதில்லை. அது சாயாவிட்டால் பின்தொடை நீள்வதில்லை. சுமை முழுவதும் முதுகுத் தசைகளின் தலையில் விழுகிறது.

இதைத் திருத்தச் சுவர் ஒன்றே போதும். சுவருக்கு முதுகைக் காட்டி, ஏறத்தாழ ஓரடி தள்ளி நின்று, முழங்காலைச் சிறிதளவு மட்டும் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னோக்கித் தள்ளிச் சுவரைத் தொட வேண்டும். எளிதாகத் தொட்டால் இரண்டு அங்குலம் முன்னே நகர்ந்து மீண்டும் செய்ய வேண்டும். குனிவதை மறந்துவிட்டு, பிட்டம் பின்னால் போவதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். உடல் தானாகவே குனியும். இந்த அசைவு பழகும் வரை பார்பெல் கம்பியைத் தொட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதற்கு இரண்டு வாரம் ஆனாலும் அது வீணான காலம் இல்லை.

அசைவு சரியாக இருந்தும் முதுகே களைத்தால், கம்பி உடலைவிட்டு விலகுகிறதா என்று பக்கவாட்டில் கைபேசியை வைத்துப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும். கம்பி தொடையை உரசியபடியே இறங்கி, முழங்காலைத் தாண்டியபின் கணைக்காலின் முன்பக்கத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். நான்கு விரல் முன்னே போனாலும் முதுகின் மீதான பளு வெகுவாகக் கூடிவிடும். அடுத்து, இறங்கும் ஆழம். கம்பி தரையைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் இந்தப் பயிற்சியில் இல்லை. இடுப்பெலும்பு மேலும் சாய மறுக்கும் இடமே உங்கள் அடிமட்டம். பலருக்கு அது முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே வந்துவிடுகிறது. அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வோர் அங்குலமும் முதுகு வளைவதால் கிடைப்பதே.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. முதுகு நேராக இருக்கிறது, ஆனால் களைப்பு முன்தொடையில் தெரிகிறது என்றால், இறங்கும்போது முழங்கால் மேலும் மேலும் மடங்கி, டெட்லிஃப்ட் பாதி ஸ்குவாட்டாக (உட்கார்ந்தெழும் பயிற்சியாக) மாறியிருக்கிறது. தொடக்கத்தில் தளர்த்திய அளவிலேயே முழங்கால் கடைசி வரை நிற்க வேண்டும். தடித்த மெத்தையுள்ள ஓட்டக் காலணியைக் கழற்றிவிட்டு, வெறுங்காலிலோ தட்டையான அடிப்பாகமுள்ள காலணியிலோ செய்தால் எடை குதிகாலில் நிற்பதை உணர முடியும்.

இனி, பின்தொடை களைப்பதற்கு முன்பே பிடி விட்டுப்போகிறவர்கள். கைப்பிடி வலுவாக வேண்டும் என்பதற்காக ஸ்ட்ராப் (மணிக்கட்டைக் கம்பியோடு சேர்த்துக் கட்டும் பட்டை) பயன்படுத்தக் கூடாது என்று நம் ஜிம் டிரெயினர்களில் பலர் சொல்கிறார்கள். பிடிக்கான பயிற்சியைத் தனியாகச் செய்துகொள்ளலாம். பெரிய தசை ஒன்றின் வளர்ச்சியை விரல்களின் வலிமைக்குள் அடைத்துவைப்பதில் நியாயம் இல்லை. கடைசி செட்களில் (சுற்றுகளில்) ஸ்ட்ராப் கட்டிக்கொள்வதில் தவறேதும் இல்லை.

முதுகுத் தசை களைப்பது வேறு, வலிப்பது வேறு. கூர்மையான வலி ஏற்பட்டாலோ, வலி பிட்டத்தின் வழியாகக் காலுக்குள் இறங்கினாலோ, அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

லெக் கர்லில் தசை சுருண்டு பிடித்துக்கொள்கிறது, அல்லது கெண்டைச்சதை எரிகிறது

லெக் கர்ல் என்பது கருவியின் எடைக்கு எதிராக முழங்காலை மடக்கும் பயிற்சி. குப்புறப் படுத்துச் செய்யும் லெக் கர்லில் இடுப்பு நீட்டிய நிலையில் இருக்கிறது. முழங்காலும் முழுதாக மடங்கும்போது பின்தொடை இரு முனைகளிலும் சுருங்கிவிடுகிறது. அந்தக் குறுகிய நீளத்தில் தசையால் அதிக விசை தர இயலாது. மேலும் வலிந்து சுருக்கும்போது பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லிச் சமாளிப்பது வழக்கம். நீர் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம்; ஆனால் அந்தக் குறிப்பிட்ட கருவியில் மட்டும், அந்தக் குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் பிடிக்கிறது என்றால், காரணம் தசையின் நீளமே. உச்சியில் அழுத்திப் பிடித்து நிறுத்துவதைக் கைவிட்டு, எடையைக் குறைத்து, இறக்கும் பகுதியை மூன்று விநாடிகளுக்கு நீட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

உட்கார்ந்து செய்யும் லெக் கர்ல் கருவி உங்கள் ஜிம்மில் இருந்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள். உட்கார்ந்திருக்கையில் இடுப்பு மடங்கியிருப்பதால் பின்தொடை மேல்முனையில் ஏற்கெனவே நீண்டிருக்கிறது. 2021இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்று, ஒரே நபர் ஒரு காலை உட்கார்ந்த நிலையிலும் மறு காலைக் குப்புறப் படுத்த நிலையிலும் 12 வாரங்கள் பயிற்சி செய்யுமாறு வைத்துப் பார்த்தது. உட்கார்ந்து செய்த காலில் பின்தொடையின் பருமன் சராசரியாக 14 சதவீதமும், படுத்துச் செய்த காலில் 9 சதவீதமும் கூடின. செலவழித்த உழைப்பு ஒன்றே. மாறியது தசையின் நீளம் மட்டும்தான். சாய்மானத்திலிருந்து சற்று முன்னோக்கிச் சாய்ந்து செய்தால் அந்த நீளம் இன்னும் கூடும். படுத்துச் செய்யும் கருவி மட்டுமே இருந்தால், கடைசி ரெப்களில் (தடவைகளில்) இடுப்பு மெத்தையைவிட்டு எழாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். எழுந்தால் எடையைத் தூக்குவது பின்தொடை மட்டும் இல்லை.

கெண்டைச்சதை எரிவதற்கு விளக்கம் எளிது. கெண்டைச்சதையின் பெரிய தசையும் முழங்காலைக் கடந்து செல்வதால் அதுவும் முழங்காலை மடக்க உதவுகிறது. பாதத்தை மேல்நோக்கி மடித்து வைத்தால் அதன் உதவி கூடும். கால் விரல்களைத் தூர நீட்டினால் குறையும். எரிச்சல் தொல்லை தருகிறது என்றால் விரல்களை நீட்டிச் செய்யுங்கள். தூக்கும் எடை சற்றுக் குறையும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஸ்குவாட்டும் படியேற்றமும் தவறாமல் செய்கிறேன். பின்தொடை மட்டும் வளரவில்லை

வளராது. ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது இடுப்பு மடங்குவதால் பின்தொடை மேல்முனையில் நீள்கிறது. அதே நேரத்தில் முழங்கால் மடங்குவதால் கீழ்முனையில் சுருங்குகிறது. ஆக மொத்தத்தில் அதன் நீளம் அதிகம் மாறுவதே இல்லை. 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில், 10 வாரங்கள் ஸ்குவாட் மட்டும் செய்தவர்களுக்கு, அவர்கள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தாலும், முன்தொடையும் பிட்டமும் வளர்ந்தனவேயன்றிப் பின்தொடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆர்.கே.புரத்து முருகன் கோயிலான மலை மந்திரின் படிகளைத் தினமும் ஏறி இறங்குவது உடலுக்கும் மனத்துக்கும் நல்லது. பின்தொடைக்கு அதிலிருந்து அதிகம் கிடைக்காது. ஸ்குவாட்டை விட்டுவிட வேண்டியதில்லை, பின்தொடைப் பயிற்சிக் கணக்கில் அதைச் சேர்க்காமல் இருந்தால் போதும்.

சரியான பயிற்சிகளையே செய்கிறேன். மாதக்கணக்கில் எடையும் ஏறவில்லை, அளவும் கூடவில்லை

இங்கே உங்கள் பயிற்சிக் குறிப்பேட்டைத்தான் முதலில் கேட்பேன். குறிப்பேடு இல்லை என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. சென்ற வாரம் எத்தனை கிலோவில் எத்தனை ரெப் செய்தோம் என்பது தெரியாதவரால் இந்த வாரம் ஒரு ரெப் கூட்ட முடியாது. வழி எளிமையானது: ரோமேனியன் டெட்லிஃப்டுக்கு 6 முதல் 10 ரெப், கர்லுக்கு 8 முதல் 15 ரெப் என்று ஓர் எல்லையை வைத்துக்கொண்டு, எல்லா செட்களிலும் மேல் எல்லையைத் தொட்ட பிறகே எடையைக் கூட்ட வேண்டும்.

அடுத்து, வரிசை. கால் பயிற்சி நாளில் ஸ்குவாட், லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன் எல்லாம் முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்பும் நினைப்போடு மூன்று செட் கர்ல் செய்வதுதான் எங்கும் காணும் வழக்கம். வளராத தசைக்கு நாளின் முதல் இடத்தைக் கொடுக்க வேண்டும். எட்டு வாரங்களுக்குக் கர்லை முதலில் வைத்துப் பாருங்கள்; ஸ்குவாட்டின் எடை சற்றே குறையலாம், முன்தொடை அதனால் கரைந்துவிடாது.

வாரத்துக்கு ஒரு முறை என்பதும் போதாது. வாரத்துக்கு ஏறத்தாழ 10 கடின செட்களை இரண்டு நாட்களாகப் பிரித்து, ஒரு நாளில் இடுப்பு சார்ந்த பயிற்சியை முதன்மையாகவும், மறு நாளில் முழங்கால் சார்ந்த பயிற்சியை முதன்மையாகவும் வைக்கலாம். டெட்லிஃப்ட் மட்டும் செய்பவரின் குட்டைத் தலைக்கு வேலையே கிடைப்பதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. கடின செட் என்று நான் சொல்வது, இன்னும் ஒன்று முதல் மூன்று ரெப் மட்டுமே முடியும் என்ற நிலையில் முடிப்பதை. ‘பஸ், ஏக் ஔர்’ (இன்னும் ஒன்றே ஒன்று) என்று உரக்கக் கூவியபடி டிரெயினர் தன் கையால் தூக்கிவிடும் ரெப்கள் அவருடைய கணக்கில் சேர வேண்டியவை. அவற்றைக் குறிப்பேட்டில் எழுதினால் அடுத்த வாரம் எடை ஏறாததற்கு விளக்கம் கிடைக்காது.

பயிற்சியில் குறையில்லை என்றால் தட்டைப் பார்க்க வேண்டும். தசை வளர விரும்புபவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்படும் அளவு. 65 கிலோ எடையுள்ளவருக்கு அது நாளுக்கு 104 கிராம். மூன்று இட்லியில் ஏறத்தாழ 6 கிராம்தான் இருக்கிறது. மெஸ்ஸில் சாப்பிடும் நம் பிள்ளைகள் காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவில் தயிர் சாதம் என்று முடித்துக்கொண்டால் தேவையில் பாதியைக்கூட எட்டுவதில்லை. டெல்லியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: பனீர் தெருவுக்குத் தெரு புதிதாகக் கிடைக்கிறது, 100 கிராமில் 18 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. உலர்ந்த சோயா உருண்டைகள் 50 கிராமில் 26 கிராம், அரை லிட்டர் பாலில் 16 கிராம், வறுத்த கடலை 50 கிராமில் 10 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் என்று சேர்த்துக்கொண்டே வந்தால், பவுடர் வாங்காமலேயே கணக்கு நேராகிவிடும். தெருக்கடைச் சோயா சாப்பை இந்தக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. அதில் மைதாவும் வெண்ணெயும் எவ்வளவு என்பதைச் சொல்ல யாரும் இல்லை. இவற்றோடு, தேர்வு நெருங்கும்போது ஐந்து மணி நேரம் மட்டும் உறங்குபவர்கள் அந்த மாதங்களில் அளவு கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இருப்பதைக் காத்துக்கொண்டால் போதும்.

அறையில் கருவி எதுவும் இல்லை

இது உண்மையில் சிறிய தடைதான். பூங்காக்களில் வைத்திருக்கும் திறந்தவெளி ஜிம் கருவிகளில் எடையைக் கூட்ட வழியில்லாததால் அவற்றை நம்ப வேண்டாம். வழுவழுப்பான தரையில் மல்லாந்து படுத்து, குதிகால்களுக்கு அடியில் ஒரு துண்டை வைத்து, இடுப்பைத் தூக்கிக்கொண்டு கால்களை மெல்ல நீட்டி மீண்டும் இழுப்பது நல்ல தொடக்கம். இழுக்க முடியாதவர்கள் நீட்டுவதை மட்டும் செய்து, இடுப்பைத் தரையில் வைத்துவிட்டுக் கால்களைத் திரும்பக் கொண்டுவரலாம். புத்தகம் நிறைந்த பையைக் கையில் பிடித்து ஒற்றைக் காலில் ரோமேனியன் டெட்லிஃப்ட் செய்தால், குறைந்த எடையே போதுமானதாக இருக்கும். எந்தக் கால் பலவீனமானது என்பதும் தெரிந்துவிடும். பலவீனமான காலில் தொடங்கி, அது செய்த ரெப்களையே மற்றக் காலுக்கும் கொடுங்கள்.

வலிமைக்கு எல்லாவற்றிலும் மேலானது நார்டிக் கர்ல். மடித்த ரஜாயின் (பஞ்சுப் போர்வையின்) மேல் முழங்காலிட்டு, கணுக்கால்களைக் கனமான கட்டிலின் அடியில் செருகி, தலை முதல் முழங்கால் வரை நேராக வைத்துக்கொண்டு முன்னோக்கி மெல்லச் சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கைகளால் தரையைத் தொட்டு, கைகளாலேயே உந்தி எழலாம். கட்டில் இலேசானதாக இருந்தால் நண்பர் ஒருவர் அதன் மேல் அமரட்டும். விளையாட்டு வீரர்களிடையே நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இப்பயிற்சியைச் சேர்த்த அணிகளில் பின்தொடைக் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. முதல் வாரத்தில் ஐந்து ரெப் வீதம் இரண்டு செட்களுக்கு மேல் செய்ய வேண்டாம். ஏன் என்பது அடுத்த அறிகுறியில் விளங்கும்.

பயிற்சிக்குப் பின் மூன்று நாள் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை

எடையை இறக்கும்போது நீளும் தசையில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது; அதன் வலி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சமடைந்து தணியும். அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்தால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். ஆகவே மருந்து, அளவாகத் தொடங்கி இடைவிடாமல் தொடர்வதே. ஒரு மாதம் விட்டுவிட்டு முழு அளவில் திரும்புகிறவர்களுக்கே இது மீண்டும் மீண்டும் வருகிறது. வலியோடு கால் வீங்கி, சிறுநீர் கருப்பு நிறத்தில் போனால் அது வேறு விஷயம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எப்போதும் இறுக்கமாக இருக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் தளரவில்லை

நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர்களிடம் இறுக்கம் என்ற உணர்வு, தசை குட்டையானதால் வருவதைவிட, அது வலுவற்றிருப்பதால் வருவது அதிகம். இடுப்பெலும்பு முன்னோக்கிச் சாய்ந்தே நிற்பவர்களுக்குப் பின்தொடை ஏற்கெனவே இழுபட்ட நிலையில் இருக்கிறது. அதை மேலும் இழுப்பதால் பயனில்லை. முழு வீச்சில் மெதுவாக இறக்கிச் செய்யும் எடைப் பயிற்சியும் நெகிழ்வை நன்றாகவே கூட்டுகிறது. நான்கைந்து வாரம் அதைச் செய்து பார்த்துவிட்டு, பிறகு தேவையென்றால் இழுவைப் பயிற்சிகளைச் சேர்க்கலாம். ஆனால் இறுக்கத்தோடு மரத்துப்போதலோ கூச்சமோ முழங்காலுக்குக் கீழே இறங்கினால், அல்லது தாடையை நெஞ்சோடு சேர்க்கும்போது அது கூடினால், அது நரம்பின் பக்கமிருந்து வருவதாக இருக்கக்கூடும். அப்போது இழுப்பது தீங்கு செய்யும்.

ஓடும்போது பின்தொடையில் சட்டென்று குத்தி இழுத்தது

உடற்திறன் தேர்வுக்கான அறிவிப்பு வந்ததும், மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அடுத்த நாள் காலையிலேயே முழு வேகத்தில் 100 மீட்டர் ஓடிப் பார்க்கிறார்கள். காயம் பெரும்பாலும் பைசெப்ஸ் ஃபெமோரிஸின் நீளத் தலையில்தான் ஏற்படுகிறது: முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், இடுப்பு மடங்கியும் முழங்கால் நீண்டும் இருக்கும் கணத்தில், வேகமாக நீளும் தசையே அந்தக் காலைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. டெல்லியின் ஜனவரிக் காலைகளில், வெப்பம் ஒற்றை இலக்கத்தில் இருக்கும்போது, உடல் சூடேறாமல் ஓடுவது இதை இன்னும் எளிதாக்குகிறது. அந்தக் குளிரில் பதினைந்து நிமிடமாவது மெதுவோட்டம், கால் வீசுதல், படிப்படியாக வேகம் கூட்டும் நாலைந்து குறுகிய ஓட்டங்கள் ஆகியவற்றுக்குப் பின்னரே முழு வேகம் என்பதை விதியாகக் கொள்ள வேண்டும்.

குத்திய உடனே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். அந்த இடத்தை இழுத்துப் பார்க்கவோ, அழுத்தித் தேய்க்கவோ கூடாது. ‘டப்’ என்ற ஓசை கேட்டிருந்தால், பிட்டத்துக்குக் கீழே பெரிய இரத்தக்கட்டு தெரிந்தால், காலை ஊன்றி நடக்க முடியாவிட்டால், தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கக்கூடும். அதைத் தள்ளிப்போடக் கூடாது; சஃப்தர்ஜங் மருத்துவமனையில் இதற்கென்றே விளையாட்டுக் காய மையம் இயங்குகிறது.

அவ்வளவு கடுமை இல்லையென்றால், முதல் சில நாட்களுக்குப் பின் வலியில்லாத அளவில் நடை, பிறகு இடுப்பைத் தூக்கும் இலகுவான பயிற்சிகள், பிறகு துண்டை வைத்துச் செய்யும் கர்ல், அதன்பின் டெட்லிஃப்ட் என்று ஏற வேண்டும். ஒரு முறை காயம்பட்ட தசை மீண்டும் காயப்படும் வாய்ப்பு அதிகம் என்பதால், வலி போய்விட்டது என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்வது போதாது. காயம்பட்ட காலும் மற்றக் காலும் ஒரே எடையில் ஒரே எண்ணிக்கை ரெப்களைச் செய்ய வேண்டும். மல்லாந்து படுத்து நேரான காலை உயர்த்தும்போது இரண்டும் ஒரே உயரம் எட்ட வேண்டும். பாதி வேகம், முக்கால் வேகம் என்று வெவ்வேறு நாட்களில் ஓடியும் மறுநாள் காலையில் இழுப்பு இருக்கக் கூடாது. இவை மூன்றும் நிறைவேறாதவரை கடிகாரத்தை வைத்து 100 மீட்டர் ஓட வேண்டாம். தேர்வு நாள் அதற்கு முன்பே வந்துவிடும் என்றால், ஓடலாமா என்ற முடிவை இயன்முறை மருத்துவரிடம் காலைக் காட்டிவிட்டு எடுங்கள்.